'வித்தவுட் யூ': எழுதியவர்களும் பாடியவர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'வித்தவுட் யூ' என்ற ஆங்கிலப் பாட்டை அமெரிக்கப் பாடகி மரையா கேரியின் பாட்டு என்கிறது ஒரு தலைமுறை. அதற்கு முந்தைய தலைமுறை ஹாரி நில்சனின் பாட்டு என்கிறது. இருவரும் பாடியவர்கள்தான், எழுதியவர்கள் அல்ல. எழுதியவர்கள் பீட் ஹாம், டாம் எவன்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள். பாட்டு உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. இந்த இரண்டு பெயர்களும் கூடவே போகவில்லை. அவற்றைச் சொல்லாமல் இந்தப் பாட்டைப் பற்றி எதையும் பேசக் கூடாது என்பது என் பிடிவாதம்.

இவர்கள் யார்? எந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள்?

பேட்ஃபிங்கர் என்ற பிரிட்டிஷ் ராக் குழு. பீட் ஹாம் வேல்ஸில் உள்ள ஸ்வான்சி நகரத்துக்காரர். டாம் எவன்ஸ் லிவர்பூல்காரர். இருவரும் 1947இல் பிறந்தவர்கள். குழுவின் பழைய பெயர் ஐவீஸ். ஸ்வான்சியில் ஐவி பிளேஸ் என்ற தெரு இருக்கிறது. அதிலிருந்து வந்த பெயர். 1968இல் பீட்டில்ஸ் தொடங்கிய ஆப்பிள் இசை நிறுவனம் இவர்களை ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஆண்டு பேட்ஃபிங்கர் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். 1970 நவம்பரில் வெளிவந்த 'நோ டைஸ்' என்ற அவர்களது இசைத்தொகுப்பில்தான் இந்தப் பாட்டு முதலில் ஒலித்தது. அதைத் தயாரித்தவர் ஜெஃப் எமரிக். பீட்டில்ஸின் புகழ்பெற்ற பல பதிவுகளுக்கு ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்தவர்.

இரண்டு பேர் சேர்ந்து எழுதியது என்றால், யார் எதை எழுதினார்கள்?

சரணம் ஹாமுடையது, பல்லவி எவன்ஸுடையது. இவை முதலில் ஒரே பாட்டாக இருக்கவில்லை. ஹாமிடம் 'இஃப் இட்ஸ் லவ்' என்ற தலைப்பில் ஒரு பாட்டு இருந்தது. சரணங்கள் அழகாக அமைந்திருந்தன, ஆனால் அவை ஏறிப்போய்ச் சேர வேண்டிய பல்லவி வலுவாக இல்லை. அந்தச் சரணத்துக்குப் பின்னால் ஒரு மாலைப்பொழுது இருக்கிறது. காதலியுடன் வெளியே போவதாக வாக்குக் கொடுத்திருந்த ஹாமை, பாட்டு வேலைக்காக எவன்ஸ் அழைக்கிறார். போய் வா என்று காதலியே சொல்கிறார். உன் வாய் சிரிக்கிறது, கண்கள் மட்டும் சோகமாக இருக்கின்றன என்று ஹாம் அவரிடம் சொன்னதாகக் கதை. சிரித்த முகத்துக்குள் தெரியும் துயரம் அப்படியே பாட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

எவன்ஸிடம் இதற்கு நேர்மாறான பொருள் இருந்தது. அவருடைய காதலி ஜெர்மனிக்குத் திரும்பிப் போயிருந்தார். எவன்ஸ் அவரைத் தேடிக்கொண்டு பான் நகரம் வரை போனவர். நீ இல்லாமல்தான் வாழ வேண்டும் என்றால் எனக்கு அந்த வாழ்வே வேண்டாம் என்று கதறும் ஒரு பல்லவி அவரிடம் இருந்தது. அதற்குச் சரணம் இல்லை. லண்டனின் கோல்டர்ஸ் கிரீன் பகுதியில் குழுவினர் எல்லோரும் சேர்ந்து குடியிருந்த நாட்கள் அவை. இரண்டு அரைகுறைப் பாட்டுகளையும் ஒட்டிப் பார்த்தார்கள்.

பாட்டின் பலமே இந்த ஒட்டில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சரணம் பேசும் மனிதன் நிதானமானவன். பிரிவை ஏற்றுக்கொண்டவனைப்போல, கதை இப்படித்தான் போகும் போலிருக்கிறது என்கிறான். பல்லவியில் பேசுகிறவன் எதையுமே ஏற்றுக்கொள்ளாதவன். ஒரே ஆள் எழுதியிருந்தால் இவ்வளவு பெரிய வெடிப்பு நடுவில் வந்திருக்காது.

இவ்வளவு நல்ல பாட்டை அவர்களே ஏன் தனி இசைத்தட்டாக வெளியிடவில்லை?

அதே தொகுப்பில் 'நோ மேட்டர் வாட்' என்ற துள்ளலான பாட்டு இருந்தது. அதைத்தான் வெளியிட்டார்கள். அமெரிக்கத் தரவரிசையில் 8ஆம் இடம், பிரிட்டனில் 5ஆம் இடம். வணிகக் கணக்குப்படி அது தவறான முடிவு அல்ல. 'வித்தவுட் யூ' தொகுப்பில் உள்ள ஒரு மெதுவான பாட்டாக மட்டும் இருந்துவிட்டது.

பேட்ஃபிங்கரின் பதிவைக் கேட்டால் இன்னொரு காரணமும் புரியும். ஏறத்தாழ 4 நிமிடம் 43 விநாடி ஓடுகிறது. கிதாரும் ஆர்கனும் முன்னால் நிற்கின்றன. பல்லவி வரும்போது குரல் அதிகம் உயர்வதில்லை. எழுதியவர்களுக்கே தாங்கள் எழுதியதன் உயரம் அப்போது தெரிந்திருக்கவில்லை.

இது பீட்டில்ஸ் பாட்டு என்று கேள்விப்பட்டேனே?

பீட்டில்ஸுக்கும் இதற்கும் எழுத்தளவில் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் குழப்பம் வர நியாயமான காரணங்கள் உண்டு. பேட்ஃபிங்கரின் இசைத்தட்டுகளில் ஆப்பிள் முத்திரை இருந்தது. அவர்களது முதல் பெரிய வெற்றியான 'கம் அண்ட் கெட் இட்' பாட்டை எழுதித் தயாரித்துக் கொடுத்தவர் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி. குரல்களின் இழைவும் அதே சாயல். 1970இல் பீட்டில்ஸ் பிரிந்துவிட, அவர்களுக்கு ஏங்கிக்கொண்டிருந்த காதுகள் பேட்ஃபிங்கரிடம் அந்த ஒலியைத் தேடின. இந்த ஒப்பீடு குழுவுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அதே ஒப்பீடு, அவர்கள் சொந்த முகத்தோடு நிற்பதற்குத் தடையாகவும் இருந்தது.

ஹாரி நில்சனும் இந்தக் குழப்பத்துக்கு ஆளானவர்தான். ஒரு விருந்தில் இந்தப் பாட்டைக் கேட்டவர், பீட்டில்ஸ் பாட்டு என்றே எண்ணியிருக்கிறார். பிறகு தேடிப் பார்த்தபோதுதான் அது பேட்ஃபிங்கருடையது என்று தெரிந்தது.

ஹாரி நில்சன் யார்? அவர் பாட்டில் எதை மாற்றினார்?

நில்சன் நியூயார்க்கின் புரூக்ளினில் 1941இல் பிறந்தவர். பகலில் பாட்டுகளைக் கொண்டு நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கிவிட்டு, இரவில் கலிபோர்னியாவில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தவர். அருமையான பாடலாசிரியர். அவர் எழுதிய 'ஒன்' பாட்டை 1969இல் த்ரீ டாக் நைட் என்ற குழு பாடி அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோனது. ஆனால் அவருடைய குரலில் உலகம் நினைவு வைத்திருக்கும் இரண்டு பெரிய பாட்டுகளும் மற்றவர்கள் எழுதியவை. ஒன்று ஃபிரெட் நீல் எழுதிய 'எவ்ரிபடிஸ் டாக்கிங்', மற்றது இது. இரண்டுக்கும் கிராமி விருது கிடைத்தது.

1971இல் லண்டனின் டிரைடென்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் 'நில்சன் ஷ்மில்சன்' தொகுப்புக்காக இந்தப் பாட்டைப் பதிவு செய்தார்கள். தயாரிப்பாளர் ரிச்சர்ட் பெரி. பியானோ கேரி ரைட், பாஸ் கிதார் கிளாஸ் வூர்மன், டிரம்ஸ் ஜிம் கெல்ட்னர். தந்திக் கருவிகளையும் ஊதுகருவிகளையும் அமைத்தவர் பால் பக்மாஸ்டர். பீட்டில்ஸின் 'ரிவால்வர்' தொகுப்புக்கு அட்டைப்படம் வரைந்தவர் இந்த வூர்மன்தான். 'ஹே ஜூட்' பதிவானதும் இதே டிரைடென்டில்தான். ஆகவே நில்சன் காதில் விழுந்த பீட்டில்ஸ் வாசனை முழுக்க மாயை என்று சொல்லிவிட முடியாது. ஒரே வட்டத்து மனிதர்கள்தான் எல்லா இடத்திலும் வந்துபோகிறார்கள்.

மாற்றங்களை வரிசையாகக் காதால் கேட்டுப் பாருங்கள். முதலில் கிதாரையும் ஆர்கனையும் எடுத்துவிட்டுத் தனிப் பியானோவில் தொடங்குகிறார்கள். நில்சன் கிட்டத்தட்டப் பேசுவதைப்போலப் பாடுகிறார். மூச்சு வாங்குவதுகூடப் பக்கத்தில் கேட்கிறது. முதல் முறை பல்லவி வரும்போது குரல் கட்டுக்குள் நிற்கிறது. பல்லவி முடிந்து திரும்பச் சரணத்துக்கு இறங்குகிறார். முன்பு சொன்னதையே மறுபடி சொல்கிறார். அதன் பிறகு வரும் பல்லவியில் ஒரு ஸ்தாயி மேலே ஏறிவிடுகிறார். மேல் ஷட்ஜமத்துக்காகக் காத்திருந்து தொடும் பாடகரின் கணக்கு அது: முன்னாலேயே கொடுத்திருந்தால் வீணாகியிருக்கும்.

மொத்தம் 3 நிமிடம் 20 விநாடிகூட இல்லை. மூலத்தைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் குறைவு. ஒரு குமுறலை எவ்வளவு நேரம் தாங்க முடியும் என்பது பெரிக்குத் தெரிந்திருந்தது. சோகப் பாட்டுக்கு இவ்வளவு கனமான டிரம்ஸ் சேர்ப்பது அந்தக் காலத்தில் வழக்கம் இல்லை. அந்த அடிதான் பல்லவியைப் புலம்பலாக விடாமல் நிமிர்த்தி நிறுத்துகிறது.

எவ்வளவு பெரிய வெற்றி?

1972 பிப்ரவரி, மார்ச்சில் அமெரிக்காவில் 4 வாரம் முதலிடம். மார்ச் 11 முதல் பிரிட்டனில் 5 வாரம் முதலிடம். 1973இல் சிறந்த ஆண் பாப் பாடகருக்கான கிராமி விருது நில்சனுக்கு. அதே ஆண்டு பிரிட்டனின் ஐவர் நொவெல்லோ விருது ஹாமுக்கும் எவன்ஸுக்கும். அது பாடலாசிரியர்களைக் கௌரவிக்கும் விருது.

இதே 1972 தொடக்கத்தில் பேட்ஃபிங்கரின் 'டே ஆஃப்டர் டே' அமெரிக்காவில் 4ஆம் இடம் வரை ஏறியது. அதாவது, பீட் ஹாம் எழுதிய இரண்டு பாட்டுகள் ஒரே பருவத்தில் அமெரிக்க வானொலிகளில் இடைவிடாமல் ஒலித்தன. அப்போது அவருக்கு 24 வயது.

மற்றவர் பாட்டைப் பாட நில்சன் அனுமதி வாங்கினாரா?

அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு அனுமதி தேவையில்லை. ஒரு பாட்டு முறையாகப் பதிவாகி விற்பனைக்கு வந்துவிட்டால், பிறகு யார் வேண்டுமானாலும் அதைப் பாடிப் பதிவு செய்து விற்கலாம். சட்டம் விதித்த கட்டணத்தைச் செலுத்தினால் போதும். 1909ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கட்டணத்தை ஒரு பிரதிக்கு 2 சென்ட் என்று வைத்தது. 1977 முடியும் வரை அது மாறவே இல்லை. மரையா கேரி பாடிய 1994இல் அது 6.6 சென்ட்.

இந்தப் பணம் பாட்டை எழுதியவருக்கும் அவருடைய வெளியீட்டாளருக்கும் உரியது. அதைவிட முக்கியமானது வானொலி. அமெரிக்காவில் வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்குப் பணம் உண்டு, பாடியவருக்கு இல்லை. எனவே எத்தனை பேர் திரும்பப் பாடினாலும், எத்தனை ஆண்டு ஒலித்தாலும், சேர வேண்டிய கை எழுதியவரின் கைதான். நில்சனின் பதிவு ஹாமிடமிருந்தும் எவன்ஸிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. அவர்கள் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து சாப்பிடத்தக்க ஒரு வருமானத்தை அது உருவாக்கியது. அந்த வருமானத்துக்கு என்ன ஆனது என்பதுதான் அடுத்த கேள்வி.

பணம் எங்கே போனது?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு எழுதக் கஷ்டமான பதில் இதுதான். சுருக்கமாகச் சொல்லிவிட மனம் வரவில்லை.

1970 இறுதியில் பேட்ஃபிங்கர் நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டான் போலி என்பவரை வணிக மேலாளராக ஏற்றுக்கொண்டது. குழுவின் எல்லா வருமானமும் பேட்ஃபிங்கர் என்டர்பிரைசஸ் என்ற நிறுவனத்துக்குப் போகும். உறுப்பினர்கள் அதிலிருந்து மாதச் சம்பளம் வாங்கிக்கொள்வார்கள் என்பது ஏற்பாடு. நிறுவனத்தின் கடிவாளம் போலியின் கையில். இளம் பாடகர்களுக்கு இது பாதுகாப்பாகத் தெரிந்திருக்கும்: வரி, கணக்கு, வழக்கறிஞர் எல்லாவற்றையும் ஒருவர் பார்த்துக்கொள்கிறார், நாம் பாட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

1970 டிசம்பர் முதல் 1971 அக்டோபர் வரையிலான கணக்கு பிற்காலத்தில் வெளியே வந்தது. அந்தக் காலத்தில் பீட் ஹாமுக்குக் கிடைத்தது 5,959 டாலர். டாம் எவன்ஸுக்கு 6,211 டாலர். போலியின் மேலாண்மைக் கமிஷன் 75,744 டாலர். இந்த மூன்று எண்களுக்கும் விளக்கவுரை தேவையில்லை.

பிறகு குழு ஆப்பிளை விட்டு வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு மாறியது. பெரிய தொகைக்கான ஒப்பந்தம். இரு தரப்பும் பார்க்கும்படி தனிக் கணக்கில் வைத்திருக்க வேண்டிய முன்பணம் எங்கே இருக்கிறது என்று வார்னர் கேட்டது. போலியிடமிருந்து பதில் வரவில்லை. 1974 டிசம்பரில் வார்னர் வழக்குத் தொடர்ந்தது. அப்போதுதான் வெளிவந்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருந்த 'விஷ் யூ வேர் ஹியர்' தொகுப்பைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. பழைய ஆப்பிள் பாட்டுகளின் வருமானம் ஏற்கெனவே பீட்டில்ஸ் பிரிவினையின் வழக்குகளில் சிக்கிக் கிடந்தது. 1975 தொடக்கத்தில் சம்பளமும் நின்றது.

பீட் ஹாம் அப்போது சர்ரே மாவட்டத்தில் புதிதாக வீடு வாங்கியிருந்தார். துணைவி நிறைமாதக் கர்ப்பிணி. பணம் எதுவும் மிச்சமில்லை என்ற செய்தி தொலைபேசியில் வந்தது. 1975 ஏப்ரல் 24 அன்று ஹாம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 28ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருந்தது. அடுத்த மாதம் அவருக்கு மகள் பிறந்தாள். அவர் விட்டுச்சென்ற குறிப்பில் போலியின் பெயர் இருந்தது.

டாம் எவன்ஸ் அந்த இழப்பிலிருந்து மீளவே இல்லை. குழு உடைந்தது, மீண்டும் கூடியது, மறுபடி உடைந்தது. இடையில் அவர் கூலி வேலையும் பார்த்திருக்கிறார். 'வித்தவுட் யூ' பாட்டின் வருமானத்தில் குழுவின் மற்றவர்களுக்கும் பங்கு உண்டா என்ற தகராறு பழைய நண்பர்களுக்குள் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1983 நவம்பரில், அதே குழுவின் ஜோயி மோலண்டுடன் தொலைபேசியில் இதைப் பற்றி வாக்குவாதம் நடந்தது. மறுநாள் 19ஆம் தேதி, ஹாம் போன வழியிலேயே எவன்ஸும் போனார். வயது 36.

1991இல் போலி கலிபோர்னியாவில் வேறொரு பண மோசடி வழக்கில் குற்றச்சாட்டை எதிர்க்காமல் தண்டனையை ஏற்றார். அது பேட்ஃபிங்கர் வழக்கு அல்ல.

இதைச் 'சபிக்கப்பட்ட பாட்டு' என்று சொல்கிறார்களே?

அந்தப் பேச்சை நான் முழுமையாக மறுக்கிறேன். எழுதிய இருவரும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பல்லவியும் வாழ முடியாது என்கிறது. எனவே பாட்டில் ஏதோ இருக்கிறது என்று ஒரு கதை கட்டப்படுகிறது. கேட்கச் சுவாரசியமாக இருக்கலாம். ஆனால் அது உண்மையான காரணங்களை மூடி மறைத்துவிடுகிறது. பாட்டில் இருப்பது காதலியைப் பிரிந்த இருபத்து மூன்று வயது இளைஞர்களின் துயரம். அவர்களை வீழ்த்தியது ஒருதலையான ஒப்பந்தம், காட்டப்படாத கணக்கு, முடங்கிய ராயல்டி, ஒரே நேரத்தில் நடந்த பல வழக்குகள், அவற்றின் நடுவே யாரும் வந்து தோள் கொடுக்காத தனிமை. ஒவ்வொன்றுக்கும் தேதியும் தாளும் உண்டு. சாபம் என்று சொல்வது யாரையும் பொறுப்பாக்காத சொல்.

மரையா கேரி எப்போது பாடினார்? அது எதைப் பின்பற்றுகிறது?

1993இல் வந்த 'மியூசிக் பாக்ஸ்' தொகுப்பில் இந்தப் பாட்டு இருக்கிறது. வால்ட்டர் அஃபனாசியெஃபுடன் சேர்ந்து கேரியே தயாரித்தார். தனிப் பாட்டாக 1994 ஜனவரி பிற்பகுதியில் வெளியானது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், ஜனவரி 15 அன்று, நில்சன் கலிபோர்னியாவில் 52 வயதில் இறந்திருந்தார். வெளியீடு முன்பே திட்டமிட்டதாக இருந்தாலும், வானொலியில் இரண்டு குரல்களும் அடுத்தடுத்து ஒலித்த வாரங்கள் அவை.

அமெரிக்காவில் 3ஆம் இடம். பிரிட்டனில் நேராக முதலிடத்தில் நுழைந்து 4 வாரம் அங்கேயே இருந்தது. அந்நாட்டில் கேரிக்கு அதுவே முதல் முதலிடம். ஜெர்மனி உள்படப் பல ஐரோப்பிய நாடுகளிலும் முதலிடம்.

அவர் பின்பற்றியது பேட்ஃபிங்கரை அல்ல, நில்சனை. பியானோத் தொடக்கம், பல்லவியில் டிரம்ஸ் வந்து விழும் விதம், கடைசி ஏற்றம் என்று நில்சன் பதிவின் கட்டுமானம் அப்படியே இருக்கிறது. கேரி சேர்த்தது தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிவு செய்து எழுப்பிய பின்னணிக் கூட்டுக்குரலும், முடிவில் தேவாலயச் சாயல் கொண்ட கமகங்களும்.

வேறு யார் யார் பாடியிருக்கிறார்கள்?

நூற்றுக்கு மேற்பட்டோர். ஷெர்லி பாஸி, அமெரிக்கக் 'கன்ட்ரி' இசைப் பாடகர் டி. ஜி. ஷெப்பர்ட், ஆஸ்திரேலியாவின் ஏர் சப்ளை, ஸ்பானிய மொழியில் இல் டிவோ. ஏர் சப்ளையின் 1991 பதிவு சுத்தமாக இருக்கிறது, ஆனால் இதயத்தைத் தொடவில்லை. ஷெப்பர்டின் பதிவு இந்தப் பாட்டு எவ்வளவு எளிமையானது என்பதைக் காட்டியதற்காகவே ஒரு முறை கேட்கலாம்.

2008இல் பல்கேரியத் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டியில் ஆங்கிலம் தெரியாத ஒரு பெண், பல்லவியின் சொற்கள் தன் காதில் விழுந்தபடி 'கென் லீ' என்று பாடினார். அந்தக் காட்சி உலகம் முழுக்கப் பரவியது, பலர் சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. சொல் ஒன்றுகூடப் புரியாமல் ஒரு பாட்டைக் காதலித்து, ஒலியாகவே மனப்பாடம் செய்து, மேடையேறிப் பாடியிருக்கிறார். நம்மில் எத்தனை பேர் இந்திப் பாட்டுகளை அப்படிப் பாடியிருக்கிறோம்!

இவற்றில் எது சிறந்தது?

நில்சன். யோசிக்கத் தேவையில்லை. கேரியின் குரல் எட்டும் உயரம் அதிகம், ஆனால் அந்தக் குரல் எட்டிவிடும் என்பது முதல் வரியிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. நில்சன் மேலே ஏறும்போது எட்டுவாரா, உடைவாரா என்ற பதற்றம் இருக்கிறது. பாட்டின் பொருளே அந்தப் பதற்றம்தான்.

ஆனாலும் பேட்ஃபிங்கரின் பதிவைத் தள்ளிவைக்க மாட்டேன். அதில் யாரும் நம்மை அழவைக்க முயலவில்லை. தங்களுக்கு நேர்ந்ததை இரண்டு பேர் சொல்கிறார்கள். முதல் முறை மந்தமாகத் தோன்றும். மூன்றாவது முறை கேட்கும்போது, இரைச்சலாக இருந்த ஆர்கனுக்கு அடியில் ஹாமின் குரல் எவ்வளவு தயங்கித் தயங்கி வருகிறது என்பது பிடிபடும். இந்தப் பாட்டை இதுவரை கேட்டதே இல்லை என்றால், மூலத்திலிருந்து தொடங்குங்கள். நில்சனை அதன் பிறகு கேளுங்கள்.

'வித்தவுட் யூ' என்று தேடினால் வேறு பாட்டுகள் வருகின்றனவே?

அதே தலைப்பில் பல பாட்டுகள் உள்ளன. டேவிட் குவெட்டா இசையில் அஷர் பாடி 2011இல் வந்தது வேறு. யூ2 குழுவின் 'வித் ஆர் வித்தவுட் யூ' 1987ஆம் ஆண்டுப் பாட்டு, அதுவும் வேறு. எழுதியவர்கள் என்ற இடத்தில் ஹாம், எவன்ஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் இதைப் பாடி வெளியிடலாமா?

மேடையில் பாடுவதற்கும், ஒலிப்பதிவாக விற்பதற்கும், காணொளியாக இணையத்தில் போடுவதற்கும் தனித்தனி விதிகள். பாட்டின் பதிப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. கூட்டாக எழுதிய படைப்புக்கு, கடைசியாக இறந்தவரிலிருந்து ஆண்டுகளை எண்ண வேண்டும். எவன்ஸ் இறந்தது 1983. பிரிட்டனில் அதிலிருந்து 70 ஆண்டு, அதாவது 2053 முடியும் வரை. இந்தியச் சட்டத்தில் 60 ஆண்டு, அதாவது 2043 முடியும் வரை.

இந்தியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மறுபதிவுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது: முதல் பதிவு வந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும், முன்கூட்டியே அறிவித்து ராயல்டி கட்ட வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான தொகை செலுத்த வேண்டும். தனியாகப் பாடிப் பார்ப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. யூடியூப் போன்ற தளங்களில் பெரும்பாலும் வெளியீட்டாளர் உங்கள் காணொளியைக் கண்டுபிடித்து அதன் விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்வார், அல்லது நீக்கச் சொல்வார். எப்படிப் பாடினாலும், விளக்கக் குறிப்பில் எழுதியவர்கள் பெயரைப் போடுங்கள். நில்சன் பாட்டு, கேரி பாட்டு என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள்.

பேட்ஃபிங்கருக்கு இப்போதாவது உரிய பெயர் கிடைத்திருக்கிறதா?

ஓரளவு. 2013 ஏப்ரலில் ஸ்வான்சியில், குழுவுக்கு முதல் பெயரைத் தந்த ஐவி பிளேஸில், பீட் ஹாமுக்கு நீல நிற நினைவுப் பலகை வைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் 'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் இறுதிக் காட்சியில் ஹாம் எழுதிய 'பேபி புளூ' ஒலித்தது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய அந்தப் பாட்டை ஒரே இரவில் ஆயிரக்கணக்கானோர் தேடி வாங்கினார்கள்.

இது பிடித்திருந்தால் அடுத்து எதைக் கேட்கலாம்?

'டே ஆஃப்டர் டே'யிலிருந்து தொடங்குங்கள். பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் தயாரித்தது. கிதாரில் ஹாமுடன் அவரும் வாசிக்கிறார், பியானோ லியோன் ரஸ்ஸல். அடுத்து 'பேபி புளூ'. நில்சனுக்கு 'எவ்ரிபடிஸ் டாக்கிங்'. அதன் பிறகு, '7 பார்க் அவென்யூ' என்ற தொகுப்பைத் தேடிப் பிடியுங்கள். ஹாம் வீட்டில் தனியாகப் பாடிப் பதிந்து வைத்திருந்த முன்னோட்டப் பாட்டுகளை 1997இல் தொகுத்து வெளியிட்டார்கள். தலைப்பு, கோல்டர்ஸ் கிரீனில் குழுவினர் குடியிருந்த வீட்டின் முகவரி.